முளைக்குச்சியும் மூலவர் மேல் விழும் வெயிலும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் மார்ச் 21, 22, 23 தேதிகளிலும் செப்டம்பர் 21, 22, 23 தேதிகளிலும் காலை வெயில் வாசல்களைத் தாண்டி உள்ளே போய், கருவறையில் சங்கரலிங்கத்தின் மேல் விழுகிறது. கடையநல்லூருக்குக் கிழக்கே விரியும் சமவெளியில் இருக்கிற இந்தக் கோயிலுக்கு அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்துக் கூட்டம் வந்துவிடும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதையொட்டி இரண்டு விதமான பேச்சும் கிளம்பும். முன்னோர் ஒளியை வைத்துக் கருவறையில் ஓர் அற்புதத்தையே அமைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் வராமல் என்ன செய்யும், இதில் வானியல் எங்கே வந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே கட்டியவனின் வேலையைப் பார்க்கத் தவறுகின்றன என்பது என் கட்சி. லிங்கத்தின் மேல் விழும் வெயில் ஒரு உபரி. வானறிவு இருப்பது அதற்கு முன்னால், வெறும் மண்தரையில் ஒரு குச்சியை நட்டுக் கிழக்கு எது என்று கண்டுபிடித்த வேலையில்.

இரண்டாவது கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். கிழக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த திசைதானே என்று தோன்றும். சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பது பேச்சுக்குச் சரி. ஒன்பது பாகை வட அட்சத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் ஜூன் பிற்பகுதியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. இந்த அகன்ற வீச்சுக்குள் அது நேர் கிழக்கில் எழுவது ஆண்டுக்கு இரண்டு முறைதான். அடிக்கல் நாட்டிய அன்று உதித்த சூரியனைப் பார்த்துக் கயிறு பிடித்திருந்தால், வைகாசியில் தொடங்கிய கோயில் ஒரு பக்கமும் தையில் தொடங்கிய கோயில் இன்னொரு பக்கமும் திரும்பி நின்றிருக்கும். சங்கரன்கோவிலின் தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச்சில் 20 அல்லது 21. செப்டம்பரில் 22 அல்லது 23. கோயிலில் வெயில் விழும் நாட்கள் மார்ச்சில் அதற்குச் சற்றுப் பின்னும் செப்டம்பரில் அதற்குச் சற்று முன்னும் சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நம் அட்சத்தில் சூரியன் நெட்டுக்குத்தாக ஏறுவதில்லை, ஏற ஏறத் தெற்கே சாய்கிறது. தொடுவானத்திலிருந்து இரண்டு மூன்று பாகை ஏறிய பிறகு நேர் கிழக்கில் நிற்கவேண்டுமானால், அது உதிக்கும்போது ஒரு நூலிழை வடக்கே இருந்திருக்க வேண்டும். தேதிகளின் சாய்வு அதற்குப் பொருந்துகிறது. மூன்று நாள் கணக்கும் அப்படித்தான். அந்தப் பருவத்தில் உதயப்புள்ளி நாளொன்றுக்கு 0.4 பாகை நகரும். வாசல் இரண்டு மீட்டர் அகலம், கருவறை நூறு மீட்டர் உள்ளே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த வாசல் வழியே உள்ளிருந்து தெரியும் வானம் ஒரு பாகைக்குச் சற்று அதிகம். மூன்று நாளில் சூரியன் கடக்கும் தூரமும் அவ்வளவே. ஆக, தேவஸ்தானம் அறிவிக்கும் அந்த ஆறு தேதிகளே ஓர் அளவைக் குறிப்பு: கோயிலின் அச்சு நேர் கிழக்கிலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகியிருக்க இடமில்லை.

இந்தத் துல்லியம் எப்படி வந்தது? சிற்ப நூல்கள் சங்கு என்று சொல்லும் முளைக்குச்சியால் வந்தது. மயமதமும் மானசாரமும் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கின்றன. தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த தரையில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் நிழல் நீளமாக மேற்கே விழுந்திருக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும். அங்கே ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் கிழக்கே நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்துக் கயிறு பிடித்தால் அது மேற்கு கிழக்குக் கோடு. குச்சியின் உயரத்தையே வட்டத்தின் ஆரமாக வைத்தால், சம இரவு நாளை ஒட்டி இந்த இரண்டு புள்ளிகளும் நண்பகலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் கிடைக்கும். அந்த ஆறு மணி நேரத்துக்குள் சூரியனே கொஞ்சம் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்துவிடுவதால் கோடு மிகச் சிறிதளவு பிசகும். கணக்கிட்டால் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூல்கள் அதையும் விடவில்லை. மாதத்துக்கு இவ்வளவு அங்குலம் தள்ளிக்கொள் என்று திருத்தம் சொல்கின்றன. ஒரு பகல் நேரமும் ஒரு குச்சியும் ஒரு கயிறும் போதும். அரசனும் புரோகிதனும் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டியதில்லை.

நட்சத்திரத்தை வைத்தே திசை பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். எகிப்தில் கிசாவின் பெரிய பிரமிடின் பக்கங்கள் மெய்த்திசையிலிருந்து ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் நிற்கின்றன. அதற்கு வடவானத்து நட்சத்திரங்கள் பயன்பட்டிருக்கும் என்று கருதும் ஆய்வாளர் பலர். ஆனால் கிசா முப்பது பாகை வடக்கே இருக்கிறது. துருவம் அங்கே நல்ல உயரத்தில் தெரியும். கடையநல்லூரில் துருவம் தொடுவானத்துக்கு மேல் ஒன்பது பாகைதான். தூசியும் பனிமூட்டமும் பனந்தோப்பும் மறைக்கிற உயரம் அது. போதாததற்கு, இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று காட்டும் மீன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துருவத்திலிருந்து ஏறக்குறைய ஆறு பாகை விலகி நின்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பித் திசை பிடித்தவன் கோணலாகத்தான் கட்டியிருப்பான். மேற்கிலோ மலை அடைத்து நிற்கிறது. தென்காசியிலும் கடையநல்லூரிலும் சூரியன் தொடுவானத்தைத் தொடுமுன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். தென்பாண்டிச் சீமைக்காரனுக்கு வானம் தந்த நம்பகமான கருவி நிழல்தான். வெயிலுக்கு இங்கே பஞ்சமும் இல்லை.

இந்த வேலை வடமொழிச் சிற்ப நூல்களோடு வந்து இறங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனைக்கு நிலம் வகுக்கும் காட்சி வருகிறது. இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாராமல் நிற்கும் நண்பகலில் நிழலைக் குறித்து, நூலறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசை கண்டு மனை வகுத்தார்கள் என்று புலவர் சொல்லிப்போகிறார். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படும் நச்சினார்க்கினியர் இதற்கு உரை எழுதும்போது, அந்த நாள் சித்திரை மாதத்தின் நடுப்பத்தில் ஒரு நாள், பதினைந்தாம் நாழிகை என்று விளக்குகிறார். எந்தப் பக்கமும் சாராத சூரியன் என்றால் உச்சந்தலைக்கு நேரே நிற்கும் சூரியன். இன்று மதுரையில் அது அப்படி வருவது ஏப்ரல் 15, 16 வாக்கில். அதாவது சித்திரை இரண்டாம் மூன்றாம் தேதி. உரைகாரர் தவறிவிட்டாரா? இல்லை. நம் பஞ்சாங்க ஆண்டு பருவ ஆண்டைவிடச் சற்றே நீளம். அறுபது சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதப் பிறப்பு பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. அவர் காலத்துக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சித்திரை முதல் தேதி இன்றைய கணக்கில் ஏப்ரல் 3, 4 வாக்கில் விழும். அப்போது மதுரையில் சூரியன் உச்சிக்கு வரும் நாள் சித்திரை 12 அல்லது 13. நடுப்பத்துக்குள் கச்சிதமாக உட்காருகிறது. உஜ்ஜயினிக்காரன் எழுதியிருந்தால் இந்த நாள் ஜூன் நடுவில் விழுந்திருக்கும். ஆக, உரைகாரர் சொன்னது ஏட்டிலிருந்து எடுத்த பொதுச்செய்தி இல்லை என்றே படுகிறது. தென்னாட்டு வெயிலில் நின்று பார்த்தவர்களின் கணக்கு அது.

இனி முதல் கட்சிக்கு வருகிறேன். இவ்வளவு அறிந்தவர்கள் வெயில் விழுவதையும் திட்டமிட்டே அமைத்திருப்பார்கள் என்பது இயல்பான அடுத்த அடி. நான் அந்த அடியை எடுக்கத் தயங்குகிறேன். திட்டமிட்டு ஒளியைக் கொண்டுவந்த கட்டடம் எப்படி இருக்கும் என்பதற்கு அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் சாட்சி. கி.மு. 3200 வாக்கில் எழுந்த அந்தக் கல்லறை மேட்டில் ஆள் நுழையும் வாசலுக்கு மேலே, வெளிச்சத்துக்கு மட்டுமே பயன்படும் ஒரு தனித் திறப்பு இருக்கிறது. டிசம்பரில் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாட்களில் உதயசூரியனின் கதிர் அதன் வழியே ஏறக்குறைய 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து உள்ளறைக்குப் போகிறது. வேறு எதற்கும் உதவாத அந்தத் திறப்பே கட்டியவர்களின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. நம் கோயில்களில் கதிர் வருவது நாம் நடந்துபோகும் வாசல் வழியாக. அதே நேர்கோட்டில் கொடிமரத்தையும் பலிபீடத்தையும் நந்தியையும் வைப்பது ஆகமம்; வெயிலை உள்ளே விடுவதுதான் குறி என்றால் குறுக்கே இத்தனையை நிறுத்துவார்களா? விழாவும் பொருந்தவில்லை. சங்கரன்கோவிலின் பெருவிழா ஆடித்தபசு. சம இரவு நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சம இரவு நாட்களில் அந்திச் சூரியன் கோபுரத்தின் ஒவ்வொரு நிலை வாசலிலும் இறங்கி இறங்கிக் காட்சி தருகிறது. அங்கும் இதே கதைதான்: அச்சு நேராக இருந்தால் இது தானே நடக்கும்.

தானே நடக்கும் என்று சொல்வதால் கட்டியவர்களின் பெருமை குறைந்துவிடாது. ஒருமுறை மட்டும் செய்துகாட்டிய வித்தையைவிட, ஊருக்கு ஊர் தச்சர் கையில் புழங்கிய முறை பெரிது. அது பல தலைமுறைக்கு நின்றது என்பதற்குத் தென்காசியைப் பார்க்கலாம். பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். கோபுர வேலை அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான். பின்னால் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற அது 1990இல்தான் மீண்டும் முழு உயரம் கண்டது. இந்தத் திருப்பணியைக் காப்பவர்களின் காலில் விழுவதாகவே அந்த அரசன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கருவறை ஒரு காலம், கோபுரம் ஒரு காலம், மண்டபம் ஒரு காலம் என்று வளரும் கோயில்களில் எப்போதோ பிடித்த கயிற்றின் கோட்டைப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் காப்பாற்றினால்தான் வெயில் உள்ளே போக முடியும். எல்லாக் கோயிலும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆற்றையோ மலையையோ தெருவையோ பார்த்துத் திரும்பிய கோயில்களும் உண்டு, மேற்குப் பார்த்த சந்நிதிகளும் உண்டு. திசை தெரிந்தவன்தான் தெரிந்தே அதிலிருந்து விலகவும் முடியும்.

கடையநல்லூரை வைத்துப் பேசும்போது பள்ளிவாசல்களை விட்டுவிட்டு முடிக்க முடியாது. அங்கும் கட்டடம் ஒரு திசையைப் பார்க்க வேண்டும். அந்தத் திசை மக்கா; அதைத்தான் கிப்லா என்பார்கள். கோளக் கணக்குப் போட்டால் கடையநல்லூரிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே வருகிறது. ஜூன் பிற்பகுதியில் சூரியன் இந்த ஊருக்கு மறையும் திசையும் கிட்டத்தட்ட அதுவே. வித்தியாசம் அரைப் பாகை அளவு. இது பூமியின் அமைப்பால் வந்த தற்செயல். ஆனாலும், உதயத்தையும் அஸ்தமனத்தையும் நட்சத்திரம் எழும் இடங்களையும் வைத்துக் கிப்லா பார்ப்பது இஸ்லாமிய உலகில் பழைய வழக்கம் என்பதால், வெறும் வேடிக்கை என்று தள்ள வேண்டியதும் இல்லை. இன்னொரு வழி இன்றும் நடைமுறையில் உண்டு. மே 27, 28 தேதிகளில் சூரியன் மக்காவின் உச்சிக்கு நேரே வருகிறது. அப்போது இந்திய நேரம் பிற்பகல் 2.48 ஒட்டி. அந்த நிமிடத்தில் கடையநல்லூரில் ஒரு குச்சியை நட்டால் அதன் நிழலுக்கு நேர் எதிர்த்திசைதான் கிப்லா. கோயில் தச்சன் கையில் இருந்த அதே குச்சி, அதே நிழல்.

ஆகவே தென்காசி மாவட்டத்துக் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் பற்றி எழுதுகிறவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதிசயம் என்று எழுதுவதற்கு முன் அச்சை அளந்துவிடுங்கள். மொபைல் திசைகாட்டி வேண்டாம். அது காட்டுவது காந்த வடக்கு, பக்கத்தில் இரும்பு இருந்தால் அதுவும் இல்லை. வெயிலும் குச்சியும் கயிறும் போதும், செலவு ஒன்றும் கிடையாது. இருபது முப்பது கட்டடங்களை அளந்து, எத்தனை நேர், எத்தனை கோணல், எந்த நூற்றாண்டுக் கட்டடம் எவ்வளவு கோணல் என்று ஒரு பட்டியல் போட்டால், பழைய தச்சர்களின் திறமையைப் பற்றி ஆதாரத்தோடு பேசலாம். முறையைப் பழகிக்கொள்ள நல்ல நாள் ஏப்ரல் 13. அன்று பகல் 12.21 ஒட்டி, கடையநல்லூரில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அன்று மேகம் மறைத்துவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 29 அல்லது 30.