முன்னாடி ஜில்... பின்னாடி புழுக்கம்! வேன் ஏ.சி. வேலை செய்வது எப்படி?

கன்னிவாடி:
திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடி, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. இங்கிருந்து பன்றிமலை, ஆடலூருக்கு மலைப்பாதை ஏறுகிறது. கீழே வெயில் கொளுத்தும், மேலே குளிரும். வேனில் வரும் பயணிகள் டிரைவரிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பின்னாடி கூலிங்கே வரலையே?"

ஒரே கம்ப்ரசர்

பின்சீட்டுக்கு தனி ஏ.சி. என்று சொன்னாலும், 7 சீட் கார்களில் பெரும்பாலும் கம்ப்ரசர் ஒன்றுதான். என்ஜின் பெல்ட்டில் சுற்றும் அது கேஸை அழுத்துகிறது. சூடான கேஸ், ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கண்டென்சரில் ஆறி திரவமாகிறது. பிறகு ஒரு குழாய் டேஷ்போர்டுக்கும், இன்னொரு குழாய் பின்பக்க கூலிங் காயிலுக்கும் பிரிகிறது. அங்கே அழுத்தம் குறைந்ததும் கேஸ் ஆவியாகி, காயில் ஜில்லிடுகிறது. புளோயர் அந்த குளிரை ஓட்டை வழியாக தள்ளுகிறது.

அதனால் பல வண்டிகளில் முன் ஏ.சி.யை அணைத்தால் பின்னாடி வெறும் காற்றுதான் வரும்.

கோளாறு எங்கே?

பின்னாடி காற்றே வராவிட்டால் பியூஸ், சுவிட்ச், புளோயர் மோட்டாரை பார்க்க வேண்டும். காற்று வந்து கூலிங் இல்லையென்றால் காயிலில் தூசி அடைப்பு அல்லது வால்வு கோளாறு இருக்கலாம். முன்னாடியும் கூலிங் குறைந்தால் கேஸ் கசிவை சோதிக்க வேண்டும். மேலிருந்து தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைத்திருக்கும்.

மலை ஏறும்போது

கம்ப்ரசர் என்ஜின் சக்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர்கள் ஏ.சி.யை நிறுத்துகிறார்கள். 'டீசலை மிச்சம் பிடிக்கிறார்' என்று சண்டை போட வேண்டாம். மேலே பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கினால், ஏ.சி. போட்டால் ஈரம் உறிஞ்சப்பட்டு தெளிவாகும்.

தூங்கினால் ஆபத்து

பின்பக்க ஏ.சி. பெரும்பாலும் வண்டிக்குள் இருக்கும் காற்றையே திரும்ப திரும்ப சுற்றவிடும். வெளிக்காற்றை இழுக்காது. நிறுத்திய வண்டியில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி தூங்கினால், சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்து உயிரையே பறிக்கலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவையே இதன் அறிகுறிகள். மலைப்பாதை வாந்தி என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. நாலு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே என்ஜினை அணைத்து, கதவை திறந்து எல்லோரையும் இறக்க வேண்டும். 108-க்கு போன் செய்ய வேண்டும்.