என்ஃபீல்டு துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

திட்டக்குடியில், வெள்ளாற்றங்கரையில் நண்பர்கள் கூடியிருந்த மாலையொன்றில் பேச்சு 1857-க்குத் தாவியது. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, மங்கள் பாண்டே என்று பள்ளியில் படித்தது அனைவருக்கும் மனப்பாடம். அப்போது ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி, துப்பாக்கித் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?" எங்களில் ஒருவரிடமும் விடையில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் அன்றைக்குப் புத்தம் புதிய கருவி. அதற்கு முன் பெரும்பாலான சிப்பாய்கள் ஏந்தியவை உட்புறம் வழவழப்பான குழல்கொண்ட துப்பாக்கிகள். நூறு கஜத்துக்கு அப்பால் அவற்றின் குறியை நம்ப முடியாது. என்ஃபீல்டின் குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள் இருந்தன. ஈயக் குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. அதன் அடிப்புறம் குழிவானது. மருந்து வெடித்ததும் அடிப்புறம் விரிந்து, பள்ளங்களைக் கவ்வி, குண்டு சுழன்றபடி வெளியேறும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் கருமருந்து முழுவதும் எரிந்து காற்றோடு போய்விடுவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. புகையோடு போனது போக எஞ்சியது குழலில் கசடாகப் படிகிறது. சில முறை சுட்டதும், அடுத்த குண்டை வாய்ப்புறமிருந்து இரும்புக் கோலால் இடித்து இறக்குவது பெரும்பாடாகிவிடும். கசடு இறுகாமல் இளக்கமாக இருக்கவே தோட்டாவுக்கு மசகு வேண்டியிருந்தது. பெட்ரோலிய எண்ணெய் இதற்கு ஆகாது. கருமருந்துக் கசடோடு சேர்ந்தால் தார்போல ஆகிவிடும். விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு ஆகியவையே பொருந்தும்.

சுத்தம் செய்வது எளிது. கசடில் பெரும்பகுதி நீரில் கரையும் உப்பு என்பதால் வெந்நீரே போதும். கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் அதே உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும்.

ஆக, சிக்கல் மசகில்தான். இந்திய வெயிலுக்கு மாட்டுக் கொழுப்பு தொழில் முறையிலும் சிறந்த தேர்வன்று. சித்திரை மாதத்தில் நம் ஊரில் அதை வெளியே வைத்துப் பார்த்தால் தெரியும்! தேன்மெழுகோ 60 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். மெழுகும் எண்ணெயும் கலந்த மசகைக் கம்பெனிப் படை அறியாததுமன்று. முந்தைய இரட்டைப் பள்ள ரைஃபிளுக்கு அதையே பயன்படுத்தினார்கள்.

1853-இல் கொழுப்புத் தோட்டாக்கள் தட்பவெப்பச் சோதனைக்காக இங்கிலாந்திலிருந்து வந்தபோது, வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர் எச்சரித்தார்: கொழுப்பு சாதிக்கு ஊறு செய்யாதது என்று உறுதிப்படும்வரை இத்தோட்டாக்களை ஐரோப்பியருக்கு மட்டுமே கொடுங்கள். அந்த எச்சரிக்கை கோப்போடு கிடந்தது. பின்னர் கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் தோட்டா செய்தபோது, ஒப்பந்தக்காரர் தரும் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று யாரும் பார்க்கவில்லை. நாம் அறிந்தவரை இதில் சதி எதுவுமில்லை, வெறும் அலட்சியம். சதியைவிட அதுவே நம்மை அதிகம் உறுத்துகிறது.

1857 ஜனவரியில் டம்டம்மில் செய்தி கசிந்தது. அம்மாத இறுதிக்குள்ளேயே, கொழுப்பு தடவாத தோட்டாக்களை வாங்கிச் சிப்பாய்கள் தாங்கள் விரும்பிய மசகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. காலம் கடந்துவிட்டது. தோட்டாவின் காகிதமே பளபளக்கிறதே, அதில் கொழுப்பு இருக்கிறதோ என்ற ஐயம் பிறந்தது. கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றியும் பயனில்லை. சிப்பாய்களின் குறை ஆதாரமற்றதன்று எனக் கவர்னர் ஜெனரல் கானிங்கே எழுத நேர்ந்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களிடம் நீட்டப்பட்டவை புதிய தோட்டாக்களல்ல. நெடுநாளாகப் பழகிய பழைய வகைத் தோட்டாக்களே. மே 9 அன்று அவர்களுக்குக் கால்விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

இதில் நமக்கு வியப்பளிப்பது, அரை நூற்றாண்டுக்கு முன் இதே பாடம் தமிழ் மண்ணில் நடத்தப்பட்டிருந்தது என்பதுதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை ஒரு காரணம். நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை வந்திருந்தது. துப்பாக்கியைக் கழற்றிப் பராமரிக்கத் தந்த திருப்புளியைக்கூட, சிலுவை வடிவில் இருப்பதாகச் சொல்லிச் சிப்பாய்கள் ஐயுற்றார்கள். சென்னை ராஜதானி கற்றதைக் கல்கத்தா படிக்கவில்லை.

1866-இல் என்ஃபீல்டைப் பின்புறம் திறக்கும்படி மாற்றிச் ஸ்னைடர் துப்பாக்கியாக்கினார்கள். உலோகத் தோட்டா வந்தது. கடிக்கவோ கிழிக்கவோ தேவையில்லாமல் போயிற்று. புகையில்லா மருந்தின் காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் தன் ரைஃபிளுக்குப் பூசியது, பர்மாவின் மண்ணிலிருந்து எடுத்த 'ரங்கூன் எண்ணெய்'. நிலத்தடி எண்ணெய் என்பதால், அது எந்த விலங்கினுடையது என்று கேட்க யாருக்கும் இடமிருக்கவில்லை.