இயன்முறை மருத்துவ உதவியாளர் பயிற்சி: ஆய்க்குடி வரை வந்த பாதை

பிசியோதெரபிஸ்ட் நோயாளியைச் சோதித்துப் பார்த்து, எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி, எத்தனை நாளைக்கு என்று முடிவு செய்வார். அதை நாள்தோறும் கூடவே நின்று செய்யவைக்கும் கைகள் பெரும்பாலும் வேறொருவருடையவை. விறைத்த மூட்டை வலிக்காமல் மடக்கி நீட்டுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆளை மாற்றுவது, காலைத் தாங்க மாட்டும் காலிப்பரின் வார் தோலை அறுக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவருடைய வேலை. இந்த உதவியாளரைப் பழக்கி எடுக்கும் முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் அது வேலூரையும் செங்கல்பட்டையும் தொட்டு, தென்காசிக்கு அருகில் முருகன் கோயிலுக்குப் பேர்போன ஆய்க்குடிக்கு வந்து சேர்ந்தது.

தொடக்கம் போர்க்களத்தில். 1894-இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் செய்வோருக்கென்று ஒரு சங்கம் அமைத்திருந்தனர். ஆனால் ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது முதல் உலகப் போரில்தான். அமெரிக்க ராணுவம் 1918-இல் இளம்பெண்களுக்கு அவசரப் பயிற்சி அளித்து, ‘புனரமைப்பு உதவியாளர்கள்’ என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. அந்த உதவியாளர்களே பின்னாளில் பிசியோதெரபிஸ்டுகள் ஆனார்கள். மேரி மெக்மில்லன் முதலியோர் 1921-இல் தங்களுக்கென்று சங்கமும் கண்டனர். படிப்பு நீண்டு, தொழிலின் தகுதி உயர்ந்ததும் கீழே ஓர் இடம் காலியானது. அதை நிரப்பத்தான் 1967-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் உதவியாளர் கல்விக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டாண்டுப் படிப்பை முடித்த முதல் அணி 1969-இல் மயாமியிலும் மினியாபொலிசிலும் வெளிவந்தது. பயிற்சியை நடத்தலாம், நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் வகுக்கக் கூடாது என்பதே அவர்களுக்கு விதித்த எல்லை. அந்தக் கோடு இன்றும் அழியவில்லை.

இந்தியாவில் முறையான பிசியோதெரபிக் கல்வி போலியோவின் பின்னால் வந்தது. பம்பாயில் அந்நோய் பரவியதை அடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1950-களின் தொடக்கத்தில் கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பள்ளி தொடங்கியது. தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே பாதை போட்டது தொழுநோய்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்தத் தொடங்கினார். இடம் மாற்றிய நாண் அறுவையோடு வேலையைத் தொடங்கிவிடாது. வேறொரு அசைவுக்குப் பழகியிருந்த தசைக்கு, புதிய விரலை அசைக்க வாரக்கணக்கில் கற்றுக்கொடுக்க வேண்டும். அறுவைக்கு முன் ஒவ்வொரு தசையின் வலிமையையும் அளக்க வேண்டும்; மூட்டு விறைக்காதபடி எண்ணெய் தடவி நீவ வேண்டும், மெழுகுக் குளியல் தர வேண்டும், சிம்பு கட்ட வேண்டும். இத்தனைக்கும் பட்டதாரிகள் கிடைக்கவில்லை. ஆகவே வேலூருக்கு அருகில் 1955-இல் தோன்றிய கரிகிரி ஷீஃப்லின் தொழுநோய் நிறுவனத்திலும், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனத்திலும் ‘பிசியோ டெக்னீசியன்’ என்றொரு வகையினர் உருவாயினர். இந்த நாட்டில் இயன்முறை உதவியாளருக்கு முன்னோடி என்று சொல்லத் தக்கவர்கள் இவர்களே. மருத்துவ வரலாறுகளில் அறுவை நிபுணருக்குக் கிடைத்த பக்கங்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

உலக அளவிலும் இதே திசையில் ஒரு திருப்பம் வந்தது. 1978-இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய சர்வதேச மாநாடு, அடிப்படைச் சுகாதாரத்தை மக்களின் வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னது. மறுவாழ்வையும் அதே வழியில் கொண்டுசெல்ல உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடு தயாரித்தது. அதை எழுதியோரில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸ். கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், வலிப்பு உள்ளவர் என்று தனித்தனியாக, படம் போட்டு எழுதிய 30 பயிற்சித் தொகுப்புகள் அதில் இருந்தன. கிராமத்தில் ஒருவரைப் பழக்கு, அவர் குடும்பத்தைப் பழக்கட்டும் என்பதே திட்டம். இரண்டு கம்புகளை இணையாகக் கட்டி நடைப்பயிற்சிக் கம்பியாக்கலாம் என்பது போன்ற எளிய வழிகள் அந்தக் காலத்தில் பல நாடுகளில் கைமாறின.

ஆய்க்குடியின் கதை 1981-இல் தொடங்குகிறது. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சகலின் பெயரால், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1990-களின் தொடக்கத்தில் தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் அவருடன் இணைந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வேலூரிலும் இப்படித்தான். அங்கே 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையத்தின் பின்னால் இருந்தவர், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ். ஒருவரைத் தூக்குவது எப்படி என்பதைத் தூக்கப்படுகிறவரே சொல்லித்தரும் நிலையங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

அமர் சேவா சங்கத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த குழந்தைகளில் போலியோ பாதித்தவர்கள் ஏராளம். காலிப்பரும் ஊன்றுகோலும் தெரிந்தால் உதவியாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை. 2014-இல் அதற்குச் சான்றும் கிடைத்தது. இப்போது முன்னே நிற்பது மூளை முடக்குவாதமும் வளர்ச்சித் தாமதமும். பாடமும் மாறியே ஆகவேண்டும். கத்தரிக்கோல்போலக் கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தையை எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எந்தப் பக்கம் நின்று பேசினால் தலையைத் திருப்பும் என்பவை காலிப்பர் மாட்டுவதைவிட நுட்பமானவை. நம் ஊர்த் தாய்மார் குழந்தையை இடுப்பில் கால் அகட்டி வைத்துக்கொள்வது இத்தகைய குழந்தைக்கு நல்ல நிலை. பயிற்சி பெற்ற பணியாளர் அதை எடுத்துச் சொல்லும்போது, சிகிச்சை தனிச் சுமையாக இல்லாமல் வீட்டு வேலையோடு நடந்துவிடுகிறது.

இன்று ஆய்க்குடியைச் சுற்றிய கிராமங்களில் வீடு வீடாகப் போவோர் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். பிசியோதெரபி, செயல்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி என நான்கின் அடிப்படையும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு நான்கு நிபுணர்களை அனுப்ப எந்த அமைப்பாலும் ஆகாது. நிபுணர்கள் மேலிருந்து மேற்பார்க்கிறார்கள். கனடாவின் ஹாண்டி-கேர் இன்டர்நேஷனல் அமைப்பின் துணையோடு வந்த ‘எனேபிளிங் இன்குளூஷன்’ செயலியில், குழந்தையின் முன்னேற்றத்தைப் பணியாளர் பதிவு செய்கிறார். திட்டத்தை மாற்ற வேண்டுமா என்பதை நிபுணர் முடிவு செய்கிறார். 1967-இல் அமெரிக்காவில் போட்ட அதே கோடு. இங்கே அதை ஒரு செல்பேசித் திரை காக்கிறது.

சட்டத்தின் கணக்கு சற்று வேறு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், பல்நோக்கு மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களையும் டெக்னீசியன்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2021-இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் துணைநிலைப் பணியாளருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், பட்டம் பெறும் சுகாதாரத் தொழில்வல்லுநருக்கு 3,600 மணி நேரமும் கேட்கிறது. வீட்டு வாசலில் பிசியோதெரபி வேண்டும் என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. குறுகிய காலப் பயிற்சியோடு களமிறங்கி, ஆண்டுக்கணக்கில் குழந்தைகளின் மூட்டுகளைத் தொட்டுப் பழகிய கிராமத்துப் பணியாளரின் அனுபவத்தை அந்த 2,000 மணி நேரத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதே ஆய்க்குடி போன்ற இடங்களில் இனி எழும் கேள்வி.