பர்கூர் மலையும் மாட்டுப் பட்டிகளும்

ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாவுக்குச் சென்று மீளாதார் நம் சங்கத்துக் குடும்பங்களுள் மிகச் சிலரே யாவர். அங்குக் கூடும் கால்நடைச் சந்தையிலே, செம்பழுப்பு மேனியில் வெண்புள்ளி தெளித்தாற் போன்ற நடுத்தர மாடுகளைப் பலருங் கண்டிருப்பர். கயிறு பிடித்தவன் சற்றே அயர்ந்தால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும் இயல்பின அவை. பழகாத முகத்தைக் கண்டு மிரளும். இவையே பர்கூர் மலை மாடுகள். இவற்றின் விலையை வினவுவோர் பலர். இவற்றைப் பேணும் மக்கள் யாவர், அவர் வாழும் நிலம் எத்தகையது என வினவுவோர் அரியர். ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பர்கூர் மலை ஈரோடு ஜில்லாவில் அந்தியூர்த் தாலூகாவின் வடபால் உள்ளது. அந்தியூரினின்று வரட்டுப்பள்ளத்தைக் கடந்து ஏறும் பாதை தாமரைக்கரை வழியே பர்கூரை அடைந்து, அப்பால் கொள்ளேகாலம் நோக்கிச் செல்லும். வட எல்லைப் புறத்தே பாலாறு ஓடிக் காவிரியோடு கலக்கின்றது. இது தொண்டைநாட்டுப் பாலாறு அன்று; பெயரொப்புமை கண்டு மாணவர் மயங்குவது உண்டு. அவ்வாற்றுக்கு அப்பால் கருநாடக எல்லையும் மாதேசுவரன் மலையும் தோன்றும். இம்மலைக் காடுகளிற் பெரும்பகுதி வேனிலில் இலையுதிர்ந்து, மழை கண்டவுடன் புல்லும் மூங்கிலும் தழைப்பன. உழுதற்காம் நிலம் சிறிதே. அச்சிறு நிலத்தில் விளைவது கேழ்வரகு முதலிய புன்செய்ப் பயிர். ஆகவே இங்குக் குடியேறியோர் மாட்டை நம்பியே வாழத் தலைப்பட்டனர். முல்லை குறிஞ்சி என யாம் வகுப்பிற் பிரித்துப் பாடஞ் சொல்வது இங்கு ஒன்றாகக் கலந்து கிடக்கின்றது.

இம்மலையில் சோளகர், ஊராளி என்னும் பழங்குடியினரும், கன்னடம் பேசும் லிங்காயத்தாரும் வாழ்கின்றனர். பர்கூர் மாட்டை வளர்ப்போருள் லிங்காயத்தாரே மிக்கவர், மாதேசுவரனை வழிபடுவோர். தமிழ்நாட்டு மலையில் கன்னடம் வழங்குதல் எங்ஙனம் என்பார்க்கு விடை எளிது. 1799-இல் சீரங்கபட்டணம் வீழ்ந்தபின் கும்பினியார் ஆளுகைக்குட்பட்ட கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே பர்கூரும் கொள்ளேகாலமும் ஒருங்கே இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலேதான் கொள்ளேகாலத் தாலூகா மைசூர் இராச்சியத்தோடு சேர்க்கப்பட்டது. மக்கள் இடம்பெயரவில்லை, எல்லைக் கோடே பெயர்ந்தது.

இனிப் பட்டியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பேன். பர்கூர் மாடு வீட்டுக் கொட்டிலில் வளர்வதன்று. காட்டினுள்ளே முள்ளும் மரமுங் கொண்டு வேலியடைத்த பட்டியே அதன் மனை. பகலெல்லாம் காட்டில் மேய்ந்து மாலையிற் பட்டிக்கு மீளும். கன்றுகளுக்குத் தனி அடைப்பு உண்டு. மேய்ப்போரும் குடில் அமைத்து உடனுறைவர். சிறுத்தை அஞ்சி இரவெல்லாம் தீ வளர்த்தலும் உண்டு. பசு கறக்கும் பால் மிகக் குறைவு; கன்று குடித்தது போக எஞ்சுவது வீட்டுக்கே போதாது. அப்பாலை மருந்தெனப் போற்றுவோர் உளர். அஃது அவரவர் நம்பிக்கை. பின் ஊதியம் யாதெனின், ஒன்று கன்று காளைகளின் விற்பனை. மற்றொன்று பட்டியிற் குவியும் எரு. கீழ்நாட்டில் மஞ்சள் பயிரிடும் நம்மவரே அவ்வெருவை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஆகவே அக்காட்டுப் பட்டிக்கும் நம் தோட்டத்து வரப்புக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று.

இப்பட்டிகளுக்கு இப்போது இடர் வந்துள்ளது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காடுகள் சர்க்கார் காப்பில் ஒதுக்கப்பட்டு, மேய்ச்சல் என்பது வன இலாகாவின் அனுமதியைப் பொறுத்ததாயிற்று. 2022 மார்ச்சு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளெங்கும் கால்நடை மேய்த்தலைத் தடுத்து, அம்மாதத்திலேயே அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிக் காப்பகங்கள் என்பவற்றுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது. 2024 ஜனவரியில் இவ்வட்டாரக் காடுகள் ஏறக்குறைய 80,000 ஹெக்டேர், தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டன. யானையும் புலியும் வாழ இடம் வேண்டும் என்பதை யானும் மறுப்பவனல்லன். ஆயினும், பட்டியில்லையேல் பர்கூர் மாடு என ஓர் இனம் இல்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் காடுவாழ் மக்களின் உரிமையாகவே எண்ணுகின்றது. ஆனால் பழங்குடியினரல்லாதார், 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அஃதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். 1930-க்கு முற்பட்ட சான்றுக்கு இம்மேய்ப்போர் எங்கே செல்வர்? பட்டா உண்டோ, பத்திரம் உண்டோ?

என் கருத்தில் மாடே முதற் சான்று. 1936-இல் வெளிவந்த லிட்டில்வுட் என்பாரது தென்னிந்தியக் கால்நடை நூல், பர்கூர் மாட்டைத் தனி இனமாகவே வருணிக்கின்றது. நிறமும் குணமும் ஒருதன்மைத்தாய் நிலைபெற்ற ஓர் இனம் ஆறாண்டிலே தோன்றாது. அதனை அங்கே பெருக்கினோர் அதற்குப் பல தலைமுறை முன்னரே அங்கு இருந்திருத்தல் வேண்டும். இஃதன்றி, அச்சட்டத்தின் விதிகள் முதியோர் வாக்குமூலத்தையும், வழிவழி மேய்ந்த இடங்களையும், இடுகாடுகளையும், பழங் கட்டடச் சிதைவுகளையும் சான்றாக ஏற்கின்றன. வேலி மக்கிப்போன பழம் பட்டிகள் எவ்வெவ்விடத்தன, அவற்றிலிருந்தோர் யாவர் என்பதைச் சொல்லவல்ல கிழவர் சிலர் இன்னும் அம்மலை ஊர்களில் உளர். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுதல் இப்போதே ஆகவேண்டிய வேலை.