புட்டு மாயம்: ஒரு பெயர் கடல் கடந்த விதம்

மலேசியாவில் 'புட்டு மாயம்' என்று விற்கப்படுவது புட்டு அன்று. தமிழகத்திலும் ஈழத்திலும் இடியாப்பம் எனப்படும் அதே பண்டந்தான். பத்துமலைப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சைவ உணவகங்களிலும், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் அங்காடிக் கடைகளிலும் இந்தப் பெயரைச் சொன்னால், வெள்ளை நூல் சுற்றிய வட்டங்கள் இரண்டு மூன்று, துருவிய தேங்காய், ஒரு கரண்டி சிவப்புச் சீனி என்று தட்டு வரும். ஊரிலிருந்து வரும் பயணி குழாய்ப்புட்டை எதிர்பார்த்துத் திகைப்பார். மலாய்க்காரரும் சீனரும் புட்டு மாயம் என்றே கேட்டு வாங்குகிறார்கள். மலேசியத் தமிழர் வீட்டுக்குள் இடியாப்பம் என்றும், கடைத்தெருவில் புட்டு மாயம் என்றும் சொல்வதுண்டு. ஒரே பொருளுக்கு வீட்டில் ஒரு பெயரும் வீதியில் ஒரு பெயரும் அமைந்தது எப்படி என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இடியாப்பத்தில் சிக்கல் இல்லை. 'இடி' என்றால் இடித்த மாவு. இடியால் செய்த அப்பம் இடியாப்பம். ஆலை வருமுன், பச்சரிசியை ஊறவைத்து வடித்து, உரலில் இட்டு உலக்கையால் இடித்துச் சலித்த மாவே இதற்கு உதவியது. அந்த மாவை நிறம் மாறாமல் வறுத்து, உப்பிட்ட கொதிநீரை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். அரிசி மாவுக்குக் கோதுமை மாவைப் போல் இழுபடும் தன்மை கிடையாது. கொதிநீர் பட்டு மாச்சத்தில் ஒரு பங்கு வெந்து பசையானால்தான் மாவு நூலாக இறங்கும். வெந்நீர் சூடு போதாவிட்டால் அச்சின் கண்ணுக்குக் கீழேயே நூல் அறுந்து விழும். பிசைந்த மாவை ஆறவிட்டால் இறுகிப்போய், பிழிகிறவர் தோள்தான் வலிக்கும். பிழிந்ததைத் தட்டில் வட்டமாகச் சுற்றி ஆவியில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும்.

பண்டம் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, அப்பம் விற்கும் கூவியரைப் பேசுமிடத்தில், இழை சூழ்ந்த வட்டமான பண்டம் ஒன்றைப் பாலோடு சேர்த்துச் சொல்கிறது. அது இன்றைய இடியாப்பந்தானா என்பதில் கருத்து வேறுபாடு வரலாம். ஆனால் இழையும் வட்டமும் பாலும் ஒருங்கே அமைந்த வேறு பண்டம் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். சேவை என்பது பரவலான பெயர். கொங்கு நாட்டில் சந்தகை. அங்கு முறையே தலைகீழ். அரைத்த மாவை முதலில் இட்லியாக அவித்துச் சூட்டோடு அச்சில் இட்டுப் பிழிவார்கள். கேரளத்தில் இடியப்பம் என்பதோடு நூலப்பம், நூல்புட்டு என்ற பெயர்களும் வழங்குகின்றன, குடகிலும் நூபுட்டுதான். இலங்கை ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்ட்ரிங் ஹாப்பர்' என்று பெயர். ஹாப்பர் என்பது அப்பத்தின் திரிபு என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே காட்டுகிறது. ஆக அந்தப் பெயரும் நூலப்பமே. சிங்களவர் 'இந்தி ஆப்ப' என்கின்றனர். சிங்களத்தில் 'இந்தி' என்றால் ஈச்சமரம். இடி என்ற புரியாத சொல்லின் இடத்தில், ஒலியில் நெருங்கிய, தெரிந்த சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மலாயாவில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே, இன்னும் ஒரு சுற்று கூடுதலாக.

இனி, பெயரின் முன்பாதி. புட்டு என்பது பிட்டு என்பதன் பேச்சு வடிவம். பிட்டால் உதிர்வது என்று தமிழிலிருந்தே பொருள் காண்பாரும், மாவு என்று பொருள்படும் வடமொழிப் 'பிஷ்ட'த்திலிருந்து வந்ததென்பாரும் உண்டு. மதுரையில் வந்தி அவித்த பிட்டுக்காக ஈசன் மண் சுமந்த திருவிளையாடலால் சொல்லின் பழமை விளங்கும். கப்பல், கடை, கறி, அப்பம், மாம்பழம் ஆகியவை முறையே காப்பால், கெடாய், காரி, ஆப்பாம், மெம்பெலாம் என்று மலாய்க்குப் போனதுபோல் புட்டும் 'புத்து' ஆயிற்று என்பதே பலர் கருத்து. மலாயிலும் இந்தோனேசியத்திலும் அது ஒரு தனிப் பண்டத்தின் பெயராக நிற்கவில்லை. மாவுப் பலகார வகை ஒன்றுக்கே பொதுப்பெயராகிவிட்டது. மூங்கில் குழலில் அவிப்பது புத்து பம்பு. பயற்றமாவை அச்சிலிட்டு இறுக்குவது புத்து காச்சாங். வாயில் போட்டதும் உதிரும் இந்தப் புத்து காச்சாங்கில்தான் பிட்டின் பழம்பொருள் மிச்சமிருக்கிறது. ஆகவே நூல் பண்டத்தைப் புட்டு என்றது அறியாமை அன்று. மலாய்க் கணக்கில் அதுவும் ஒரு புத்து. நூல்புட்டு என்று சொல்லிப் பழகிய மலபார் முஸ்லிம்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உணவுக்கடை நடத்தியவர்கள். அவர்கள் வாய்வழக்கும் இதற்குத் துணை செய்திருக்கக்கூடும்.

மாயத்தில்தான் சுவையே. தமிழ் கற்றவர் எவருக்கும் முதலில் தோன்றுவது மாயவித்தை. ஆனால் ஜகார்த்தாவின் பெதாவி மக்களிடம் இதே பண்டம் 'புத்து மாயாங்' என்ற பெயரில் இருக்கிறது. நூல்களுக்கு வண்ணம் ஏற்றி, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றித் தின்பார்கள். மாயாங் என்பது மலாயில் பனையினத்து மரங்களின் பாளைப்பூ. தென்னை அல்லது கமுகின் பாளை வெடித்ததும் உள்ளேயிருந்து சரம் சரமாகப் பூங்கதிர் பிதுங்கும். அச்சிலிருந்து மாவு இறங்குவதைப் பார்த்த மலாய்க் கண்ணுக்கு அந்தப் பூங்கதிர் நினைவுக்கு வந்தது இயல்பே. அலையலையான கூந்தலையும் அம்மொழியில் 'இக்கால் மாயாங்' என்றே புகழ்வார்கள். திரெங்கானுவின் 'உலேக் மாயாங்' என்ற சடங்காடலின் பெயரிலும் இதே பூதான். இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்தப் பண்டத்துக்கு உகந்த இனிப்பான 'கூலா மலாக்கா', தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. பெயரில் இருக்கும் பாளை தட்டிலும் இருக்கிறது. இதைப் பெயருக்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. உண்கிறவருக்கு ஓர் உபரி இன்பம், அவ்வளவே.

மாயாங் எப்படி மாயம் ஆயிற்று? தமிழ்ச் சொல் 'ங்' என்ற மெய்யில் முடிவதில்லை. 'அம்' என்று முடியும் பெயர்களோ எண்ணற்றவை. அதனால் மலாய்ச் சொற்களின் இறுதி ஒலி தமிழர் வாயில் ஏதாவது ஒரு தமிழ் ஈற்றைத் தேடிக்கொள்ளும். கிளாங் கிள்ளான் ஆயிற்று. பினாங் பினாங்கு ஆயிற்று. சிற்றூரைக் குறிக்கும் கம்போங் மலேசியத் தமிழில் 'கம்பம்'. கம்பத்து வீடு, கம்பத்து வாழ்க்கை என்று அது அத்துச் சாரியையையும் ஏற்றுக்கொண்டு தமிழாகவே நடமாடுகிறது. கம்போங் கம்பமாகும் ஊரில் மாயாங் மாயமாவதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. தமிழ் வியாபாரி வாயில் மாறிய வடிவத்தைக் கேட்டுத்தான் மலாயிலும் 'மாயம்' என்று எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். மலேசியாவில் இன்றும் இரண்டு எழுத்து வடிவங்களும் வழக்கில் உள்ளன. தமிழ் வியாபாரிகள் அதிகம் இல்லாத ஜகார்த்தாவில் மாயாங் மாறவே இல்லை. தமிழ்ப் புட்டு மலாய்க்குப் போய், மலாய்ப் பாளையைச் சேர்த்துக்கொண்டு, தமிழ் ஈற்றோடு திரும்பி வந்திருக்கிறது.

பத்துமலை என்ற பெயரே இதற்குப் பக்கத்துச் சான்று. பத்து என்பது மலாயில் கல். அருகில் ஓடும் ஆறு சுங்கை பத்து. தமிழ்க் காதில் அது எண்ணாக ஒலித்ததால், முருகனின் பத்தாவது மலை என்று விளக்கம் சொல்வோர் இன்றும் உண்டு. 1890களின் தொடக்கத்தில் தம்புசாமிப் பிள்ளை முன்னின்று இங்கே முருக வழிபாட்டைத் தொடங்கியதற்கு முன்பே இந்த மலை பத்துதான்.

ஒலி ஒத்திருந்தால் உறவென்று கொள்ளக் கூடாது என்பதற்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள் கைவசம் இருக்கின்றன. மலாயில் 'மாயாம்' என்று ஒரு சொல் தனியே உண்டு. அது பொன் நிறுக்கும் எடை. இந்தோனேசியாவின் ஆச்சேயில் இன்றும் மணமகளுக்குத் தரும் பொன்னை அதனால்தான் கணக்கிடுகிறார்கள். பண்டத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மற்றொன்று இன்னும் ஏமாற்றக்கூடியது. பூட்டானின் பும்தாங் பள்ளத்தாக்கில் நெல்லை விடப் பக்வீட் எனும் கூலக்கோதுமைக்கே செல்வாக்கு. அதன் மாவைத் துளையிட்ட மர அச்சில் வைத்து, நெம்புகோலை அழுத்தி நூலாகப் பிழிந்து கொதிநீரில் வேகவைப்பார்கள். அங்கே போகும் பயணிகளுக்குப் பரிமாறப்படும் அந்த உணவின் பெயர் 'புட்டா'! அச்சும் ஒன்று, நூலும் ஒன்று, பெயரும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் பும்தாங்குக்கும் மலபாருக்கும் இடையே இந்தச் சொல் நடந்த பாதை எதையும் காட்ட முடியாத வரை, இதைத் தற்செயல் என்று ஒதுக்குவதே முறை.

பெயரில் மட்டுமன்றி, தொடுகறியிலும் குடியேறி வந்தவர்களின் தடம் தெரிகிறது. தமிழகத்து வீடுகளில் தேங்காய்ப்பால், குருமா, ஆட்டுக்கால் பாயா. யாழ்ப்பாணத்தாருக்குச் சொதியும் சம்பலும். ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியமர்ந்தனர். அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஸ்காட் சாலையில் இருக்கிறது. மலேசியத் தமிழர் சமையலில் சொதி நிலைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. தேங்காய்த்துருவலும் சிவப்புச் சீனியும் வீதி விற்பனையின் ஏற்பாடு. குழம்புச் சட்டி வேண்டாம், வாழையிலையில் பொதிந்து கையில் கொடுத்துவிடலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டி, ஹாரனை அழுத்திக்கொண்டு தாமான் எனப்படும் குடியிருப்புகள்தோறும் வரும் விற்பனையாளருக்கு இதைவிடத் தோதான பண்டம் இல்லை. காலைப் பசியாறலுக்கும் மாலைத் தேநீருக்கும் அது ஒக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களின் பெயர்ப்பலகையில் இப்போது இரண்டு பெயர்களையும் காணலாம்: தமிழ் எழுத்தில் இடியாப்பம், ரோமன் எழுத்தில் புட்டு மாயம். கேழ்வரகு மாவில் பிழிந்த பழுப்பு நிறத்தது வந்தபோதும் புதுப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. மாவு ஆலையிலிருந்து பொட்டலமாக வருகிறது, பிழிவதற்கும் பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. இடிப்பவர் யாரும் இல்லாமலே இடியாப்பம் வேகிறது.