சேரன்மாதேவி குருகுலமும் பிள்ளைகளின் பந்தியும்

சேரன்மாதேவி குருகுலம் என்பது வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கி, திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மாதேவியில் நடத்திய உறைவிடப் பள்ளி. ஐயர் திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்தவர். தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவற்றோடு நாட்டுப்பற்றுள்ள இளைஞரை உருவாக்குவது அவர் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி இதற்கு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

குருகுலம் என்றால் ஆசிரியரின் வீடே பிள்ளைகளுக்கும் வீடு. ஆகவே அங்கே உண்பதும் கல்வியின் ஒரு பகுதிதான். ஆனால் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும், அவர்களுடைய பெற்றோரின் விருப்பப்படி, தனியே உணவு பரிமாறப்பட்டது. மற்றவர்கள் ஒரே பந்தியில் உண்டனர். இருவர்தானே என்று தோன்றலாம். ஆயினும் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்தவன் சாப்பாட்டு வேளையில் எழுந்து வேறிடம் போவதை நாள்தோறும் காணும் சிறுவனுக்கு, தான் யார் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லியிருக்காது. அங்கே படித்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் வழியாகவே செய்தி வெளியே வந்ததாகக் கூறுவர்.

டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் இதை எதிர்த்தனர். பெற்றோருக்குத் தந்த வாக்கை மீற இயலாது என்பது ஐயரின் நிலை. 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தி, அந்த இருவருக்கு உள்ள ஏற்பாடு தொடரட்டும், இனி எவரையும் அப்படிச் சேர்க்க வேண்டாம் என்று சமரசம் சொன்னார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் அந்த விலக்கும் கூடாது என்றனர் எதிர்த்தவர்கள். பணம் கொடுத்த மக்களின் பிள்ளைகளே தள்ளி உட்காரும் நிலையில், அவர்கள் வாதமே வலுவானது.

1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சிராப்பள்ளியில் கூடியது. தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி இராஜாஜியும் திருவரங்கத்து டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினர். ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் ஈ. வெ. ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார்.