வீரப்பன் எம்.

ஈப்போவில் இளம் மருத்துவர்களின் கட்டுரைகளுக்கு மேற்கோள் பட்டியல் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், கிராணி பேர் கூப்பிடும் வரிசை மாதிரிதான் மேற்கோள்களுக்கு எண் போடுவதும்: கட்டுரையில் முதலில் வருவது 1, அடுத்தது 2. அதே நூல் திரும்ப வந்தாலும் பழைய எண்தான்.

1978இல் கனடாவின் வான்கூவரில் சில மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசினார்கள். இந்த எண்வரிசையும் அடங்கிய அவர்களுடைய விதிகள் 1979இல் வெளிவந்தன. அதுவரை இதழுக்கு இதழ் வேறு முறை. ஓர் இதழ் திருப்பி அனுப்பினால் பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். இதழ்ப் பெயரின் சுருக்கத்துக்கு ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தடித்த தொகுதிகளைப் புரட்டுவோம். 2004உடன் அதன் அச்சு நின்றது.

இன்றும் அடிக்கடி திருத்துவது ஒன்று. 1972 வரை நம் நாட்டு மருத்துவ இதழின் சுருக்கப் பெயர் ‘மெட் ஜே மலாயா’, பிறகே ‘மெட் ஜே மலேசியா’. 1960களின் கட்டுரைக்குப் புதுப் பெயரைப் போடுகிறார்கள். நாட்டுப்பற்று நல்லதுதான், ஆனால் தேடுகிறவருக்குக் கட்டுரை கிடைக்காது.

நம் பெயர்கள் தனித் தொல்லை. முனியாண்டி ஏ/எல் வீரப்பன், அதாவது வீரப்பன் மகன் முனியாண்டி, எழுதினால், மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி ‘வீரப்பன் எம்.’ என்கிறது. பால்மரம் வெட்டிய அப்பா ஆய்வாளராகிவிடுகிறார்! சிலர் முதல் கட்டுரையில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி எழுதி இரண்டு ஆளாகிவிடுகிறார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள், தம்பி என்பேன்.